ஒரு சிட்டிகை சாம்பிராணியும் உயிர்த்தெழுதலும்: ஆதிக் கிறிஸ்தவர்கள் ஏன் உயிரைக் கொடுத்தார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலுவையில் இறந்த இயேசு உயிரோடு எழுந்தார் என்று நம்பியவர்களில் சிலர், முதல் மூன்று நூற்றாண்டுகளில், அந்த நம்பிக்கையைக் கைவிடுவதைவிடச் சாவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். ஈஸ்டர் நெருங்கினால் பிரசங்கங்களிலும் வாக்குவாதங்களிலும் இந்தச் செய்தி தவறாமல் தலைகாட்டும். பெரும்பாலும் பாதி விவரத்தோடு. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. தனியாகக் குறிப்பிடாத ஆண்டுகள் எல்லாம் கி.பி.

உயிர்த்தெழுதலை நம்பியதற்காகவா ரோம அரசு அவர்களைக் கொன்றது?

இல்லை. இந்த ஒரு புள்ளியில் சறுக்கினால் மற்றதெல்லாம் சறுக்கும். செத்தவர் எழுந்தார் என்று ஒருவர் சொன்னால் ரோம ஆளுநருக்கு அது கிறுக்குத்தனமாகப் படும், குற்றமாகப் படாது. புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளில் ஆளுநர் பெஸ்து, இயேசு எழுந்தார் என்று பேசிய பவுலைப் பார்த்து “நீ பிதற்றுகிறாய்” என்கிறார். அதே பெஸ்துதான், சாவுக்குரிய எதையும் இந்த மனிதன் செய்யவில்லை என்றும் சொல்கிறார்.

தேவர்களுக்குப் பலியிட மறுத்ததும், பேரரசரின் காவல் தெய்வத்தின் பெயரால் ஆணையிட மறுத்ததும்தான் குற்றம். ரோமர்களுக்கு வழிபாடு ஊர்க்காவல் மாதிரி. எல்லோரும் தெய்வங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தால் ஊர் நன்றாக இருக்கும். ஒரு கூட்டம் செய்யாவிட்டால் எல்லோருக்கும் கேடு. டைபர் நதி பெருகினாலும் நைல் நதி பெருகாவிட்டாலும் உடனே “கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு” என்று கத்துகிறார்களே என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197-இல் கிண்டலாக எழுதினார்.

அவர்களைக் கொன்றது அந்த மறுப்பு. அப்படி மறுக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் உயிர்த்தெழுதல் உள்ளே வருகிறது.

விசாரணை எப்படி நடந்தது?

இதற்கு நல்ல சாட்சியம் எதிர்த்தரப்பிலிருந்தே கிடைக்கிறது. இன்றைய துருக்கியின் வடக்கில் இருந்த பித்தினியா–பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கூட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஆலோசனை கேட்கும் கடிதம் அது.

அவர் கையாண்ட முறை இது. முதலில் யாராவது புகார் தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரை நிறுத்தி “நீ கிறிஸ்தவனா?” என்று கேட்பார். ஆம் என்றால், தண்டனை என்ன என்று மிரட்டி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பார். மூன்று முறையும் ஆம் என்றால் மரணம். ரோமக் குடியுரிமை உள்ளவர் என்றால் ரோமுக்கு அனுப்பப்படுவார். இல்லை என்று சொன்னவர்களுக்கு ஒரு சோதனை இருந்தது: அவர் சொல்லச் சொல்லத் தேவர்களை அழைத்து வேண்ட வேண்டும், பேரரசரின் உருவத்தின் முன் சாம்பிராணி போட்டுத் திராட்சரசம் ஊற்ற வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இவற்றில் எதையும் செய்யவைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாகப் பிளினியே எழுதுகிறார். அவர்களுடைய நம்பிக்கை எதுவாக இருந்தாலும், அந்தப் பிடிவாதமே தண்டனைக்குரியது என்பது அவர் எண்ணம். உண்மையைக் கறக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். சபையில் பணிவிடை செய்தவர்கள் அவர்கள்.

டிராஜனின் பதில் சுருக்கமானது. இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம். பெயரில்லாத மொட்டைக் கடுதாசிகளை ஏற்க வேண்டாம். புகார் வந்து நிரூபணமானால் தண்டிக்கவும். மறுத்து, நம் தேவர்களை வணங்கிக் காட்டினால் மன்னிக்கவும். தெர்த்துல்லியன் இந்த உத்தரவைப் பிடித்துக்கொண்டார்: குற்றவாளி என்றால் ஏன் தேடக்கூடாது, நிரபராதி என்றால் ஏன் தண்டிக்க வேண்டும்? நியாயமான கேள்விதான்.

வேறு எந்தக் குற்றவாளிக்கும் இல்லாத வசதி இது. திருடனும் கொலைகாரனும் மறுத்தால் விடுதலை கிடைக்காது, கிறிஸ்தவனுக்குக் கிடைக்கும். கதவு கடைசி நொடிவரை திறந்தே இருந்தது. 180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் ஸ்கில்லி ஊரைச் சேர்ந்த 12 பேரை விசாரித்த ஆளுநர் சத்துர்நினுஸ், யோசித்துப் பார்க்க 30 நாள் அவகாசம் தருவதாகச் சொன்னார். அவர்களின் பேச்சாளர் ஸ்பெராத்துஸ் “நான் கிறிஸ்தவன்” என்று மட்டும் திரும்பச் சொன்னார். அன்றே தலைகள் வெட்டப்பட்டன.

சரி, இதில் உயிர்த்தெழுதல் எங்கே வருகிறது?

நான்கு இடங்களைப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, 54 வாக்கில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தின் 15-ஆம் அதிகாரம். மரித்தோர் எழுந்திராவிட்டால் நாங்கள் ஏன் நாள்தோறும் ஆபத்தில் நிற்கிறோம், புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம் என்று கேட்கிறார். கணக்குப் பார்த்த வாதம் இது. அவர் பட்டதையும் இன்னொரு கடிதத்தில் கணக்காகவே தருகிறார்: 39 அடிகள் வீதம் ஐந்து முறை, பிரம்படி மூன்று முறை, கல்லெறி ஒரு முறை, கப்பற்சேதம் மூன்று முறை. உயிர்த்தெழுதல் இல்லையென்றால் இத்தனையும் நஷ்டக் கணக்கு என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்.

இரண்டாவது, அந்தியோக்கியா ஆயர் இக்னேஷியஸ். டிராஜன் காலத்தில் பத்துப் படைவீரர்களின் காவலில் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டபோது வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். கிறிஸ்து பட்டது வெறும் தோற்றம், அவருக்கு மெய்யான உடல் இல்லை என்று சிலர் போதித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் என் சங்கிலியும் வெறும் தோற்றமா, நான் ஏன் நெருப்புக்கும் வாளுக்கும் விலங்குகளுக்கும் என்னைக் கொடுக்கிறேன் என்று திருப்பிக் கேட்டார் இக்னேஷியஸ். உடல் முக்கியமில்லை என்று நினைத்தவர்களுக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணியும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

மூன்றாவது, 155 வாக்கில் சிமிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) எரிக்கப்பட்ட முதிய ஆயர் பொலிகார்ப். “86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை” என்று அவர் ஆளுநருக்குச் சொன்ன பதில் எல்லோருக்கும் தெரியும். விறகு அடுக்கிய பிறகு அவர் செய்த ஜெபத்தைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆத்துமா, உடல் இரண்டும் நித்திய வாழ்வுக்கு உயிர்த்தெழும் என்று அதில் வருகிறது. தீயில் கருகப்போகும் அதே உடல்.

நான்காவது, 177-இல் காலியா நாட்டு (இன்றைய பிரான்ஸ்) லியோன் நகரம். இது எங்களுக்கு மிக வலுவான சான்றாகப் படுகிறது, ஏனென்றால் கொன்றவர்களே இங்கே பேசுகிறார்கள். இறந்தவர்களின் உடல்களை ஆறு நாள் வெளியே போட்டு வைத்தார்கள். பிறகு எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். எதற்கு? இவர்கள் எழுந்து வரும் நம்பிக்கையே அற்றுப்போக வேண்டும். அதை நம்பித்தானே சாவுக்கு அஞ்சாமல் மகிழ்ச்சியோடு போகிறார்கள், இப்போது எழுகிறார்களா பார்ப்போம் என்றார்களாம். தப்பிப் பிழைத்தவர்கள் ஆசியா, பிரிகியா என்ற பகுதிகளில் (இன்றைய துருக்கி) இருந்த சபைகளுக்கு எழுதிய இந்தச் செய்தியை யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்துத் தந்திருக்கிறார்.

இந்த எண்ணம் கிறிஸ்தவர்களோடுதான் தொடங்கியதா?

இல்லை. யூதர்களிடமிருந்து வந்தது. கி.மு. 167 வாக்கில் சிரியாவை ஆண்ட அந்தியோக்கு மன்னன் யூதச் சட்டத்துக்குத் தடை விதித்தான். அந்தக் காலத்தைச் சொல்லும் 2 மக்கபேயர் 7-ஆம் அதிகாரத்தில், பன்றி இறைச்சி தின்ன மறுத்த ஏழு சகோதரர்களும் அவர்கள் தாயும் கொல்லப்படுகிறார்கள். மூன்றாமவன் கைகளை நீட்டி, இவை விண்ணிலிருந்து எனக்குக் கிடைத்தவை, அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். சட்டத்துக்காக உடலை இழந்தவனுக்குக் கடவுள் உடலைத் திருப்பித் தராவிட்டால் நீதி எங்கே என்ற கேள்வியிலிருந்து வளர்ந்த நம்பிக்கை இது. (கத்தோலிக்க விவிலியத்தில் இந்த நூல் இருக்கிறது, சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இருக்காது. தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.)

இயேசுவின் காலத்தில் யூதர்களில் பரிசேயர் என்ற பிரிவினர் இதை நம்பினார்கள், சதுசேயர் என்ற பிரிவினர் மறுத்தார்கள். ஒருவருக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்டது, கடைசி நாளுக்காகக் காத்திருந்தது தொடங்கிவிட்டது என்று சொன்னதுதான் கிறிஸ்தவர்களின் புதுமை.

உயிர்த்தெழுதலும் மறுபிறவியும் ஒன்றா? கிரேக்கர்களும் ஆன்மா அழியாது என்றார்களே?

ஒன்றல்ல. மறுபிறவியில் உயிர் வேறு உடலுக்குப் போகிறது, அது பலமுறை நடக்கும். கிரேக்கத் தத்துவத்தில் ஆன்மா உடல் என்னும் சிறையிலிருந்து விடுபடுகிறது. இவர்கள் சொன்னது, இதே ஆள் இதே உடலோடு, மாற்றம் பெற்று, ஒரே முறை எழுவான் என்பது. ஏதென்ஸில் பவுல் பேசியபோது இந்த இடம் வந்ததும் சிலர் பரிகாசம் பண்ணினார்கள். 178 வாக்கில் கெல்சுஸ் என்ற மெய்யியலாளர் இதைப் புழுக்களின் நம்பிக்கை என்று இகழ்ந்தார். அழுகிப்போன உடலை எந்த ஆன்மா திரும்பக் கேட்கும் என்பது அவர் வாதம்.

அப்போஸ்தலர்கள் பன்னிருவரும் இதற்காகக் கொல்லப்பட்டார்களா?

அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. ஆதாரம் உள்ளவை இவ்வளவுதான். செபெதேயுவின் மகன் யாக்கோபை முதலாம் ஏரோது அகிரிப்பா வாளால் கொன்றான் (அகிரிப்பா இறந்தது 44-இல்). இயேசுவின் சகோதரர் யாக்கோபு 62-இல் எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதைக் கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதுகிறார். ஆளுநர் பெஸ்து இறந்து அடுத்தவர் வந்து சேராத இடைவெளியைத் தலைமைக் குரு அனனுஸ் பயன்படுத்திக்கொண்டார். பேதுருவும் பவுலும் சாட்சி பகர்ந்து போனார்கள் என்பதை முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமச் சபையிலிருந்து எழுதப்பட்ட கிளமெந்துவின் கடிதம் குறிப்பிடுகிறது. எப்படி இறந்தார்கள் என்று அது சொல்லவில்லை. பேதுரு தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்ட விவரம் இரண்டாம் நூற்றாண்டுக் கதை நூலில்தான் வருகிறது.

தோமாவைப் பற்றிக் கேட்காமல் தமிழ் வாசகர்கள் விடமாட்டார்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடெசா பகுதியில் சிரிய மொழியில் எழுதப்பட்ட தோமாவின் பணிகள் என்னும் நூல், மஸ்தாய் என்ற இந்திய மன்னனின் ஆணைப்படி படைவீரர்கள் அவரை ஈட்டியால் குத்தியதாகச் சொல்கிறது. மயிலாப்பூர், பரங்கிமலை, 72-ஆம் ஆண்டு என்பவை அந்த நூலில் இல்லை. அவை இங்குள்ள மரபு. மரபு பழமையானது, மதிப்புக்குரியது. ஆனாலும் யாக்கோபின் சாவையும் தோமாவின் சாவையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

“பொய் என்று தெரிந்து யாரும் சாகமாட்டார்கள், ஆகவே உயிர்த்தெழுதல் உண்மை” – இந்த வாதம் நிற்குமா?

பாதி நிற்கும். ஒருவர் ஒன்றுக்காகச் சாகத் துணிந்தால், அவர் அதை மனதார நம்பினார் என்பது உறுதி. நம்பியது நடந்ததா என்பது தனிக் கேள்வி. எல்லா மதங்களிலும், மதமில்லாத இயக்கங்களிலும்கூட இப்படிச் செத்தவர்கள் உண்டு.

இந்த வாதத்தை வைப்பவர்கள் வழக்கமாக இரண்டு தலைமுறைகளைக் கலந்துவிடுகிறார்கள். பொலிகார்ப்போ, 203-இல் கார்த்தேஜில் இறந்த பெர்பெத்துவாவோ காலியான கல்லறையைப் பார்த்தவர்கள் அல்லர். பிறர் சொல்லக் கேட்டு நம்பியவர்கள். வாதத்துக்கு எடை தருபவர்கள், தாங்களே பார்த்ததாகச் சொன்ன சிலர் மட்டும்: பேதுரு, பவுல், இரண்டு யாக்கோபுகள். இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலைத் தாம் பெற்றுக்கொண்டபடியே ஒப்படைப்பதாகப் பவுல் அந்த 15-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அவர் முன்பு இந்தச் சபையைத் துன்புறுத்தியவர்; யாக்கோபு உள்ளிட்ட இயேசுவின் சகோதரர்கள் தொடக்கத்தில் அவரை நம்பவில்லை என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் இப்பக்கம் வந்து செத்தார்கள் என்பதுதான் வலுவான துருப்புச்சீட்டு. அதை விட்டுவிட்டுப் பன்னிருவர் கணக்கைத் தூக்கிக்கொண்டு போனால், விவரம் தெரிந்த ஒருவர் முதல் கேள்வியிலேயே கவிழ்த்துவிடுவார்.

இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்களா?

விசுவாசத்துக்காக இறந்தவர்கள் கொஞ்சம் பேர், எளிதில் எண்ணிவிடலாம் என்று மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் எழுதினார். அவருடைய சொந்தத் தகப்பனே கொல்லப்பட்டவர் என்பதால் குறைத்துச் சொல்லக் காரணமில்லை. பெரும்பாலான காலம் துன்புறுத்தல் அங்கங்கே, அவ்வப்போது, ஊராரின் கோபத்தையும் ஆளுநரின் மனநிலையையும் பொறுத்து நடந்தது. 64-இல் ரோம் எரிந்தபின் நீரோ செய்த கொடுமையும் அந்த நகரத்தோடு நின்றது: விலங்குத் தோல் போர்த்தி நாய்களுக்கு விட்டான், சிலுவையில் அறைந்தான், இரவு விளக்காக எரித்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பேரரசு முழுவதற்குமான ஆணை 250-ஐ ஒட்டித்தான் வந்தது. பிறகு 257–258-இலும், 303 முதலும்.

எல்லோரும் உறுதியாக நின்றார்களா?

இல்லவே இல்லை. லியோனிலேயே தொடக்கத்தில் பத்துப் பேர் வாக்கில் மறுதலித்தார்கள். ஆனால் பெரிய சரிவு பேரரசர் டெசியஸ் காலத்தில் நடந்தது. எல்லோரும் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் 250 ஜூன், ஜூலை மாதங்களைச் சேர்ந்த பாப்பிரஸ் துண்டுகள். நம் தாலுகா அலுவலக விண்ணப்பம் போலவே இருக்கும்: ஊர்ப் பலிக் குழுவுக்கு, இன்னார் மகன் இன்னார், வயது 72, வலது புருவத்தில் தழும்பு, எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் ஆணைப்படி பலியிட்டு, திராட்சரசம் வார்த்து, படையலை உண்டேன், சான்று தரவும். கீழே அதிகாரிகளின் கையொப்பம். முதலைக் கடவுளின் பூசாரிப் பெண் ஒருவரும் இதை வாங்கியிருக்கிறார்; ஆணை கிறிஸ்தவர்களுக்கு மட்டுமானது அல்ல என்பது அதிலிருந்து தெரிகிறது.

கார்த்தேஜில் ஆட்கள் கேட்பதற்கு முன்பே சந்தைவெளிக்கு ஓடினார்கள், பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னால்கூடக் கெஞ்சினார்கள் என்று ஆயர் சிப்ரியான் வருந்துகிறார். பலியிட்டவர்கள், சாம்பிராணி மட்டும் போட்டவர்கள், பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் என்று சபை அவர்களைத் தரம் பிரித்தது. காசு கொடுத்தவர்களைத் தவத்துக்குப் பின் திரும்பச் சேர்க்கலாம், பலியிட்டவர்களுக்குச் சாகும் தறுவாயில் மட்டும் என்று 251-இல் முடிவானது. அடுத்த துன்புறுத்தல் வருகிறது என்று தெரிந்ததும், 253 வாக்கில், தவம் செய்துகொண்டிருந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். நிராயுதபாணியாகப் போருக்கு அனுப்பக்கூடாது என்பது காரணம்.

வலியப் போய்ச் சாவைத் தேடினார்களா?

சிலர் தேடினார்கள். சபை அதை விரும்பவில்லை. சிமிர்னாவில் குவிந்துஸ் என்பவர் தாமே ஒப்புக்கொடுத்ததோடு மற்றவர்களையும் தூண்டினார். விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப் பலியிட்டுவிட்டார். தாமாகப் போய் நிற்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை என்று பொலிகார்ப்பின் மரணத்தைப் பதிவு செய்தவர்கள் எழுதினார்கள். பொலிகார்ப் பண்ணை வீட்டில் ஒளிந்திருந்தார். சிப்ரியானும் டெசியஸ் காலத்தில் ஒளிந்தார், அதற்காக ஏச்சும் வாங்கினார். 258 செப்டம்பர் 14 அன்று அவர் தலை வெட்டப்பட்டபோது, வெட்டுபவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார்.

பெண்கள், அடிமைகள்?

ஆதாரங்களில் மிக உயர்வாகப் பேசப்படுபவர்கள் அவர்களே. லியோனில் பிளாந்தினா என்ற அடிமைப் பெண் கம்பத்தில் தொங்கவிடப்பட்டு, சவுக்கடிபட்டு, கடைசியில் வலையில் கட்டி எருதின் முன் எறியப்பட்டார். கார்த்தேஜில் 203 மார்ச் 7 அன்று இறந்த விபியா பெர்பெத்துவாவுக்கு வயது 22 வாக்கில். கையில் பால்குடி மாறாத குழந்தை. நரைத்த தலையைப் பார் என்று கெஞ்சும் தகப்பன். சிறையில் அவரே எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவரோடு இருந்த பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம்தராது. தோழர்களோடு சாக முடியாமல் போகுமோ என்று கவலைப்பட்டார். சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. வலியில் கத்தியபோது காவலன், இதற்கே இப்படியென்றால் விலங்குகளின் முன் என்ன செய்வாய் என்றான். இப்போது படுவது நான் படுவது, அங்கே எனக்குள் இன்னொருவர் எனக்காகப் படுவார் என்றார் பெலிசித்தா.

நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்து வாழ்ந்தார்களா?

சினிமாவில் மட்டும். ரோமின் நிலத்தடிச் சுரங்கங்கள் புதைகுழிகள். எங்கே இருக்கின்றன என்று அரசுக்கு நன்றாகவே தெரியும். 258 ஆகஸ்ட் 6 அன்று ரோம ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸ் அங்கேதான் நான்கு திருத்தொண்டர்களோடு பிடிபட்டுக் கொல்லப்பட்டார். கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் வைத்த கிரேக்கப் பெயருக்குத் தூங்கும் இடம் என்று பொருள்.

அரசு கொல்லாத இடத்திலும் உயிரைப் பணயம் வைத்தார்களா?

ஆம். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பரவிய கொள்ளைநோயின்போது அலெக்சாந்திரியாவில் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து அதே நோயில் இறந்தவர்களை, இரத்தசாட்சிகளுக்குக் குறையாதவர்கள் என்று அந்நகர ஆயர் தியோனிசியுஸ் எழுதினார்.

கடைசியில் எப்படி முடிந்தது?

303 பிப்ரவரி 23 அன்று நிக்கோமேதியா நகரின் (இன்றைய துருக்கியில்) கிறிஸ்தவ ஆலயத்தை இடித்துத் தொடங்கியது பேரரசர் டயோக்ளீஷியனின் துன்புறுத்தல். வேதநூல்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் மே 19 அன்று நடந்த சோதனையின் நகராட்சிப் பதிவு இருக்கிறது: பொற்கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களுக்கான அங்கி 82, பெண்களின் காலணி 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த துணிமணியாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தத் துன்புறுத்தலை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பேரரசர் கலேரியுஸ். 311-இல் தீராத நோயில் கிடந்த அவர், ஏப்ரல் 30 அன்று தடையை நீக்கி ஓர் ஆணை வெளியிட்டார். கிறிஸ்தவர்கள் தங்கள் கூட்டங்களை நடத்திக்கொள்ளலாம். பதிலுக்குத் தங்கள் கடவுளிடம் தம் நலனுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். சில நாட்களில் இறந்துபோனார்.